ஜாவாவுக்குத் தமிழ் ஆகாது என்று யார் சொன்னது?

"ஜாவாவுல தமிழ் சரியா வராதுங்க. படிவத்தை இங்கிலீஷ்லயே நிரப்பச் சொல்லிடலாம்." இந்தப் பேச்சை இன்னும் எத்தனை ஆண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமோ தெரியவில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ள குழுத்தலைவர்கள் இதைச் சொல்கிறார்கள். அதுவும் வாடிக்கையாளரின் எதிரே உட்கார்ந்து, ஏதோ இயற்கை விதியைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். அவரும் நம்பித் தலையாட்டிவிடுகிறார். கடைசியில், தமிழ் பேசுகிறவர்களே தமிழ் பேசுகிறவர்களுக்காகக் கட்டிய தளத்தில் "ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் மட்டும் நிரப்பவும்" என்று சிவப்பு நிறத்தில் ஒரு கட்டளை ஏறிவிடுகிறது.

இது பொய். அரைகுறை உண்மைகூட இல்லை, முழுப் பொய். யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. ஜாவாவின் முதல் பதிப்பு வந்தது 1996இல். அந்த மொழியை வடிவமைத்தவர்கள் ஓர் எழுத்துக்கு 16 பிட் என்று முதலிலேயே தீர்மானித்து, யூனிகோடையே அடிப்படையாக வைத்தார்கள். அந்தக் காலத்து மொழிகளில் பல எட்டு பிட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. தமிழைத் தாங்கும் வசதியோடு பிறந்த மொழியைப் பார்த்துத் தமிழ் வராது என்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

பிறகு ஏன் படிவத்தில் தமிழில் அடித்த பெயர் கொத்துக்கறியாகிறது? படிவம் பிரவுசரிலிருந்து சர்வருக்குப் போகும் வழியைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

'த' என்ற ஒற்றை எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் யூடிஎஃப்-8இல் இருந்தால் பிரவுசர் அதை மூன்று பைட்டுகளாக அனுப்பும்: 224, 174, 164. தமிழின் எல்லா எழுத்துகளும், எல்லாக் குறிகளும் இப்படி மூன்று பைட்டுகள்தான். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. பிரவுசர் பைட்டுகளை ஒழுங்காக அனுப்பிவிடுகிறது. ஆனால் வழக்கமான படிவத்தை அனுப்பும்போது "இது யூடிஎஃப்-8" என்ற குறிப்பை அது சேர்ப்பதில்லை. பழைய சர்வ்லெட் விதிமுறைகளோ, குறிப்பு இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ-8859-1 என்று வைத்துக்கொள் என்கின்றன. அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துப் பட்டியல். அதில் ஒரு பைட் என்பது ஓர் எழுத்து. ஆகவே 'த' என்ற ஓர் எழுத்து, தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', நான்கு மூலையிலும் கோடு நீட்டிய சின்ன வட்டம் என்று மூன்று எழுத்துகளாக உடைகிறது. உங்கள் டேட்டாபேஸில் சாய்கோட்டு 'ஏ'யும் வட்டத்து 'ஆரு'ம் மாறி மாறி வந்தால் உள்ளே இருப்பது தமிழ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தொலைந்துபோகவில்லை, தப்பாகப் படிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சரத்தை ஐஎஸ்ஓ-8859-1 பைட்டுகளாக மாற்றி, யூடிஎஃப்-8ஆகத் திரும்பப் படித்தால் பெயர் முழுதாக மீண்டு வரும்.

வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் அது வேறு நோய். தமிழே இல்லாத எழுத்துப் பட்டியலுக்குள் தமிழைத் திணித்தபோது, இடமில்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போடப்பட்டிருக்கிறது. மைஎஸ்கியூஎல் 5.7 வரை இயல்பாக உருவாகும் டேபிள்கள் லத்தீன்-1இல்தான் இருந்தன, 8.0இல்தான் அது யூடிஎஃப்8எம்பி4 ஆனது. எஸ்கியூஎல் சர்வரில் என்-வார்ச்சார் போட வேண்டிய இடத்தில் வெறும் வார்ச்சார் போட்டாலும் இதே கதி நேரலாம். இங்கே மூலம் அழிந்துவிட்டது, மீட்க வழியில்லை. இரண்டு நோயையும் ஒன்றாக்கி "ஃபான்ட் பிரச்சினை" என்று பெயர் வைப்பவரிடம் எந்த டேபிளையும் ஒப்படைக்காதீர்கள்.

அந்த ஃபான்ட் கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. யூனிகோடு பரவுமுன் தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டேப், டேம் போன்ற எட்டு பிட் முறைகளில் இருந்தன. எழுத்துருவை இறக்கிக்கொண்டால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் ஐரோப்பியக் குறிகள் தெரியும். அந்தப் பைட்டுகளை ஜாவா ஐஎஸ்ஓ-8859-1 என்று நினைத்துப் படித்து, அப்படியே திருப்பி அனுப்பியதால் எதுவும் கெடவில்லை. படிவம் எந்த அமைப்பும் செய்யாமல் வேலை செய்தது. யூனிகோடு வந்ததும் அதே நிரல் உடைந்தது. உடைந்தது நிரலில் இருந்த தவறான அனுமானம்தான். பழி மட்டும் ஜாவாவின் மீதும் தமிழின் மீதும் விழுந்தது. தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடைத் தன் தரமாக அறிவித்துவிட்டது. நம் ஆட்கள் இன்னும் "சர்வர்ல லதா ஃபான்ட் போடணும்" என்கிறார்கள். எழுத்துரு வேண்டியது எழுத்தைப் பார்க்கிறவரின் கணினியில். சர்வர் எதையும் வரைந்து காட்டுவதில்லை. பிடிஎஃப்போ படமோ சர்வரிலேயே தயாராகிறது என்றால் மட்டும் அங்கே எழுத்துரு தேவை.

இன்னொரு மந்திரம், ஜேவிஎம்மைத் தொடங்கும்போது ஃபைல் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று கொடுப்பது. கோப்புகளைப் படிக்க, எழுத அது உதவும். 2022இல் வந்த ஜாவா 18 முதல் அதுவே இயல்பு. படிவத்திலிருந்து வரும் மதிப்புகளை அது தொடுவதே இல்லை. கொடுத்துப் பார்த்து, பலிக்கவில்லை என்றதும் "பார்த்தீங்களா, ஜாவாவுல வராது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கன்சோலில் கேள்விக்குறி வந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதுவோரும் உண்டு. கன்சோலின் என்கோடிங் வேறு, டேட்டாபேஸின் என்கோடிங் வேறு. லினக்ஸ் சர்வரில் மொழி அமைப்பு வெறுமையாக இருந்தாலே கன்சோல் கேள்விக்குறியாகக் கொட்டும். டேபிளில் தமிழ் பத்திரமாக இருக்கும்.

தீர்வு 2001இலிருந்தே இருக்கிறது. சர்வ்லெட் 2.3இல் ரெக்வெஸ்டுக்கு 'செட் கேரக்டர் என்கோடிங்' வந்தது. எந்த அளவுருவையும் படிக்கும் முன்பு அதை அழைக்க வேண்டும். ஒன்றைப் படித்துவிட்டு அழைத்தால் பயனில்லை, பிழைச்செய்தியும் வராது. இந்த 'முன்பு'தான் பலரைக் கவிழ்க்கிறது. ஸ்பிரிங்கின் கேரக்டர் என்கோடிங் ஃபில்டரைப் போட்டிருப்பார்கள், ஆனால் அதற்கு மேலே பதிவேட்டுக்கென்று வேறொரு ஃபில்டர் பயனர் எண்ணை எட்டிப் பார்த்திருக்கும். அந்த ஒரு பார்வையிலேயே படிவம் முழுவதும் தவறான பட்டியலில் படிக்கப்பட்டு முடிந்துவிடும். ஃபில்டர்களில் இதுதான் முதலில் நிற்க வேண்டும். 2017இல் வந்த சர்வ்லெட் 4.0இலோ இதற்கு நிரலே வேண்டாம். வெப் எக்ஸ்எம்எல்லில் ரெக்வெஸ்டுக்கு ஒரு வரி, ரெஸ்பான்ஸுக்கு ஒரு வரி. ஸ்பிரிங் பூட் என்றால் அந்த ஃபில்டர் தானாகவே சேர்ந்துவிடுகிறது.

"பதிவுப் படிவத்தில் தமிழ் வருகிறது, தேடல் பெட்டியில் மட்டும் வரவில்லை" என்பார்கள். பதிவு போஸ்ட்டில் போகிறது, தேடல் கெட்டில் போகிறது. கெட்டில் சொற்கள் முகவரியோடு ஒட்டிப் போகும். முகவரியை எப்படிப் படிப்பது என்பது டாம்கேட்டின் கனெக்டரில் தனி அமைப்பு. டாம்கேட் 7 வரை அதற்கும் ஐஎஸ்ஓ-8859-1தான் இயல்பு, 8 முதல் யூடிஎஃப்-8. டாம்கேட் 7க்கான ஆதரவு 2021 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. இன்னும் அதை ஓட்டிக்கொண்டு தமிழைக் குறை சொல்ல வேண்டாம். பக்கத்தைக் காட்டும்போதும் கவனம் வேண்டும். ஜேஎஸ்பியின் தலையில் யூடிஎஃப்-8 என்று எழுதாவிட்டால் அதற்கும் ஐஎஸ்ஓ-8859-1தான் இயல்பு. அப்படி லத்தீன் பட்டியலில் போன பக்கத்தில் ஒருவர் 'த' என்று அடித்தால், பிரவுசர் அதை 2980 என்ற எண்ணாக்கி, முன்னே ஆம்பர்சண்டும் ஹேஷும் போட்டு அனுப்பிவிடும்.

எல்லாவற்றிலும் மோசமான நிலை, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிவது. உள்ளே வரும்போது தப்பாகப் படித்து, வெளியே போகும்போது அதே தப்பைத் தலைகீழாகச் செய்தால் திரையில் அழகான தமிழ் தெரியும். 'கிருஷ்ணமூர்த்தி'யைப் பாருங்கள். படிக்கிறவருக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் 15 குறியீடு, யூடிஎஃப்-8இல் 45 பைட். இரட்டைத் தப்பில் ஓடும் தளத்தில் அவர் 45 எழுத்துக்காரர். டேபிளில் 30 எழுத்துதான் இடம் என்றால் பெயர் பாதியில் வெட்டுப்படும், அல்லது பிழையாகத் திரும்பும். ஆரக்கிளில் வார்ச்சார்2(30) என்பது இயல்பாக 30 பைட். அங்கே எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் அவருக்கு இடமில்லை. நீளத்தைப் பைட்டில் சொல்லாமல் எழுத்தில் சொல்லுங்கள்.

ஜாவா படிவங்களைப் பற்றிய மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டில் சரிபார்த்தாயிற்று, சர்வரில் வேண்டாம் என்பது தவறு. பிரவுசரே இல்லாமல் சர்வருக்கு எதையும் அனுப்ப முடியும். மறைபுலத்தில் வைத்த விலையை யாரும் மாற்ற முடியாது என்பதும் தவறு. மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. போஸ்ட்டில் போவது ரகசியம் இல்லை, ரகசியத்துக்கு ஹெச்டிடிபிஎஸ் வேண்டும். இருமுறை பதிவாவதைத் தடுக்கப் பொத்தானை மங்கலாக்கினால் போதும் என்பவர்கள், வெற்றிப் பக்கத்தில் ரெஃப்ரெஷ் அழுத்திப் பார்க்கட்டும். சேமித்ததும் அந்தப் பக்கத்துக்கு ஃபார்வர்டு செய்யாமல் ரீடைரக்ட் செய்ய வேண்டும். சர்வ்லெட் பழசு, நாங்கள் ஸ்பிரிங் என்று பெருமைப்படுவோருக்கு: ஸ்பிரிங் எம்விசியின் வாசலில் நிற்கும் டிஸ்பேச்சரும் ஒரு சர்வ்லெட்தான். ஜேஎஸ்பியில் டாலர் அடைப்புக்குள் எழுதினால் ஆபத்தான குறிகள் தானே மாறிவிடும் என்பதும் தவறு. சி-அவுட் போன்றதைப் போட்டால்தான் மாறும்.

பெயருக்கே திரும்புகிறேன், என் கோபம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. என்கோடிங்கைச் சரிசெய்த பிறகும் சரிபார்ப்பு விதி பெயரைத் துரத்துகிறது. பெயரில் எழுத்து மட்டுமே இருக்கலாம் என்று 'இஸ் லெட்டர்' போடுகிறார்கள். யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் குறிகள், எழுத்து வகையில் சேர்வதில்லை. அந்த விதி 'கமல' வரை ஏற்றுக்கொள்ளும், 'கமலா' என்றதும் "சரியான பெயரை உள்ளிடவும்" என்று அதட்டும். ஒரு பெண்ணிடம் அவள் பெயரே சரியில்லை என்று சொல்ல ஒரு நிரலருக்கு யார் உரிமை கொடுத்தது? ரெகெக்ஸில் எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்த்தால் தீர்ந்தது. 'பொன்னி'யின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. சேமிக்கும் முன் நார்மலைசரில் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். அந்த வசதி ஜாவா 6இலிருந்து இருக்கிறது.

இவ்வளவும் செய்துவிட்டு 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு பெட்டி வைத்து, இரண்டுக்கும் நட்சத்திரம் போட்டுக் கட்டாயமாக்குகிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கிறது, சிலருக்கு ஊர்ப் பெயரின் எழுத்தும் சேர்ந்து இருக்கிறது. கடைசிப் பெயர் எது என்று தெரியாமல் ஒருவர் புள்ளி வைக்கிறார், ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார், ஒரு பெண் கணவர் பெயரைப் போடுகிறாள். பிறகு சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர் என்று அந்தக் குடும்பம் அலைகிறது. அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கத்தையே பெயராகச் சுமந்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயர்கள் உலகமெங்கும் ஒரே அமைப்பில் இல்லை என்பதைக் கணக்கில் கொள்ளும்படி டபிள்யூ3சி வழிகாட்டியே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் வெளிநாட்டு வார்ப்புருவை அப்படியே ஒட்டியதன் பலன் இது.

வேண்டியது 'முழுப்பெயர்' என்று ஒரே பெட்டி. காலியாக இருக்கக் கூடாது என்று ஒரே விதி. யூடிஎஃப்8எம்பி4இல் 200 எழுத்து அகலத்தில் ஒரு நெடுவரிசை. முதலெழுத்து தனியாகத் தேவை என்றால், கட்டாயமில்லாத இன்னொரு பெட்டி. சோதனைத் தரவில் 'டெஸ்ட் யூசர்' என்பதை எடுத்துவிட்டு கிருஷ்ணமூர்த்தியையும் கமலாவையும் பொன்னியையும் சேர்த்துவிடுங்கள். பதிவு செய்து, தேடி, திருத்தி, அச்செடுத்துப் பார்த்த பிறகு தளத்தை வெளியிடுங்கள்.