கதையில் ஒளிந்திருக்கும் ஊக்கம்

ஒருவரிடம் சாதிக்கும் வேட்கை எவ்வளவு இருக்கிறது என்பதை உளவியல் ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள்? அவரிடமே கேட்டால் போதாதா?

நேரில் கேட்டால் தமக்கு ஊக்கமில்லை என்று ஒப்புக்கொள்பவர் அரிது என்பதால், அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்டும் அவருடைய குழுவினரும் 1953இல் வெளியிட்ட நூலில் ஒரு சுற்றுவழியை விளக்கினர். மேசைமேல் புத்தகத்தைத் திறந்துவைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனின் படம் போன்ற, பொருள் திட்டவட்டமாகப் புலப்படாத ஒன்றைச் சுமார் 20 நொடிகள் காட்டி, 4 நிமிடங்களில் அதற்கொரு கதை எழுதச் சொல்வதே அம்முறை. சிறுவன் மதிய உணவை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று எழுதினால் மதிப்பெண் இல்லை; தேர்வில் முதலிடம் பெறத் திட்டமிடுகிறான் என்று எழுதினால், உயர்ந்த தரத்தை எட்டும் விழைவாகிய 'சாதனை ஊக்கம்' அதில் வெளிப்படுவதாகக் கொண்டு மதிப்பெண் வழங்கப்படும். வினாநிரலில் ஒருவர் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணும் இக்கதை மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. முன்னது அவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள கருத்தையும், பின்னது அவர் அறியாமலே அவரை இயக்கும் விழைவையும் காட்டுகின்றன என்பது மெக்லெலண்டின் விளக்கம். ஆகவே, எதை அளப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குரிய கருவியைப் பின்னர் தேர்ந்தெடுப்பதே ஆய்வாளருக்கு அழகு.