பெயர் முறையும் மாற்று வழியும்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் 1990-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டெக்னோபார்க், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகும். இத்தகைய மையங்களில் இயங்கும் ஒரு சர்வர் முடங்கினால், விண்ணப்பிக்கும் மாணவரும் ஓய்வூதியரும் அடைத்த கதவின் முன் நிற்க நேரும். இவ்வின்னலைக் குறைக்க, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். எனும் பெயர் முறை துணைபுரிகிறது. இணையப் பெயருக்குரிய எண் முகவரியை அறிவிப்பது இதன் பணி.

அஞ்சலுக்கான மாற்று ஏற்பாடு இம்முறையிலேயே அமைந்துள்ளது. எம்.எக்ஸ். பதிவுகளில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. 10 என்ற எண்ணுடைய சர்வர் கிட்டாவிடில், அனுப்பும் சர்வர் 20 என்ற எண்ணுடையதை நாடும். இரண்டும் கிட்டாவிடினும், அஞ்சலை வரிசையில் வைத்துச் சில நாள் வரை மீண்டும் முயலும்.

வலைத்தளத்தின் ஏ பதிவில் இத்தகைய முன்னுரிமை எண் இல்லை. முகவரியையே மாற்றியாக வேண்டும். ஆயினும் பதிவில் குறித்த ஆயுட்காலம் முடியும் வரை, பழைய முகவரி இடைநிலைச் சர்வர்களின் நினைவில் நிற்கும். அது 86,400 வினாடியாயின் ஒரு நாள். 300 வினாடியாயின் ஐந்து நிமிடம். எனவே, இக்காலத்தைக் குறைத்து வைப்பது பழுது நேருமுன்பே செய்ய வேண்டிய பணியாகும். மாற்றுச் சர்வரும் பெயர்ச் சர்வர்களும் வெவ்வேறு ஊர்களில் அமைதல் இன்றியமையாதது. ஒரே கட்டடத்தில் இருப்பின், ஒரு மின்தடையில் அனைத்தும் முடங்கிவிடும்.