முதலில் சான்றிதழைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

கடலூரில் தொலைதூரக் கல்வி மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுக்கச் சேர்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். பாடம் நடத்துவது உனக்குக் கைவந்துவிடும். அதற்கு முந்தைய வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளி, சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் பார்ப்பவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் புத்தகம் எடுக்கும் அம்மா போன்றவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் கூடவே, முறையான முந்தைய படிப்பு இல்லாமல் நேராகப் பட்டம் தரும் திறந்தநிலை முறையும் வந்தது. இளங்கலை படிக்காமல் அந்த முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையைத் தமிழக அரசும் வேலைக்குக் கேட்கிறது. பதவி உயர்வுக்கு மனுப்போடும்போதுதான் பலருக்கு இது தெரியவந்தது. 2014-15 கல்வியாண்டுக்குப் பிறகு இந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லையென்று 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்தபோது இன்னொரு கூட்டம் திகைத்து நின்றது. இருபது வயதுப் பையனுக்கு மூன்று வருடம் வீணானால் மறுபடி சேரலாம். நாற்பது வயதுக்காரருக்கு அது முடிகிற காரியமா?

அதனால் சேர்க்கைப் படிவத்தை நீட்டுவதற்கு முன் சான்றிதழ்களைக் கேள். துணிப்பையிலிருந்து லேமினேட் செய்த பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்து வைப்பார்கள். அதில் அப்பா பெயரின் இனிஷியல் இருக்கும். திருமணமான பெண்ணின் ஆதாரில் கணவர் பெயர். படிப்பைப் பாதியில் நிறுத்தியவரிடம் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) இருக்காது. இவற்றை அன்றைக்கே சரிசெய்யச் சொல்; கடைசித் தேர்வு முடிந்த பிறகு சொன்னால் அது துரோகம். பிளஸ் டூ இல்லையென்றால் தனித்தேர்வராக முதலில் அதை எழுதச் சொல். அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டும் கிடைப்பதில்லை. அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு உண்டா என்று யுஜிசி பட்டியலில் நீயே பார்த்துச் சொல்.

ஒரு சேர்க்கை குறைகிறதே என்று மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வகுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று: அங்கே தூங்குபவரை எழுப்பாதே. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருப்பார். அடுத்த ஞாயிறு சேர்க்கை மேசையில் நீயே உட்கார், தம்பி.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்