நவராத்திரியிற் பொருள் வேண்டுதல்

புரட்டாதி அமாவாசையை அடுத்துவரும் பிரதமை முதலாக ஒன்பது இரவுஞ் சத்தியைப் பூசித்தல் நம்மவர் வழக்கம். முதன் மூன்று நாளும் துர்க்கைக்கும், நடு மூன்று நாளும் இலக்குமிக்கும், இறுதி மூன்று நாளும் சரஸ்வதிக்கும் உரியன. சிவபிரானது சத்தி ஒன்றேயாயினும், செய்யுந் தொழில்பற்றி இம்மூன்று நாமங்களையும் பெற்றதென்று கொள்க.

ஈண்டு ஓர் ஆசங்கை. பற்றறுத்தலே வீட்டுக்கு வழி என்னுஞ் சைவர், இலக்குமியை வழிபட்டுப் பொருள் வேண்டுதல் தகுமோ எனின், தகும். அதனைப் பெரியபுராணத்து வரலாறு இரண்டினால் விளக்குவாம்.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது, திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இறைவன் நாடோறும் பீடத்தில் வைத்தருளிய பொற்காசைக் கொண்டு அடியார்க்கு அமுதளித்தனர். பின்னர்த் திருப்புகலூரிலே, நாவுக்கரசர் உழவாரத்தொண்டு செய்யுமிடத்துப் பொன்னும் நவமணியும் விளங்கித் தோன்றின. அவரோ அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப எண்ணி, உழவாரத்தால் ஏந்தி வாவியில் எறிந்தார்.

மிழலையிற் காசை ஏற்றவரும் அவரே. புகலூரிற் பொன்னை எறிந்தவரும் அவரே. இது முரணன்று. முன்னையது பசித்தோர் வயிற்றுக்கு வந்தது. பின்னையது தம் உள்ளத்தைச் சோதிக்க வந்தது. ஆகவே பற்று என்பது பொன்னில் இல்லை; அதனை யாதின்பொருட்டுக் கொள்கின்றோம் என்னும் நினைவிலே உள்ளது. செல்வத்தைக் குறிக்குந் திரு என்னுஞ் சொல்லையே விபூதிக்கும் முன்வைத்துத் திருநீறு என்று நம் முன்னோர் வழங்கியதையுஞ் சிந்திக்க.

இனி, இலக்குமிபூசை நடுவில் நிற்றலும் பொருளுடைத்து. அதற்கு முன் நிற்பது வீரம். பின் நிற்பது கல்வி. முயற்சியால் ஈட்டி, அறிவு வளர்தற்குச் செலவிடுக என்பதே அவ்வைப்புமுறையால் யாம் கொள்ளும் பாடம். பொருள் நாம் கடந்து செல்லும் வாயிலேயன்றித் தங்கியிருக்கும் வீடு அன்று.

இதனை மறந்தமையால், அயலார் மெச்சுதற்பொருட்டுக் கடன்பட்டுக் கும்பத்தையுங் கொலுவையும் அலங்கரிப்போர் நம்முட் பலர். பூசை முடிந்தபின் அவர் இல்லத்தில் எஞ்சுவது வட்டியே. அவர் வேலிக்கு அப்பால், கொப்பி வாங்க வகையின்றிப் பாடசாலைக்கு முகங்காட்ட நாணும் பிள்ளை ஒன்று இருத்தலுங் கூடும். அப்பிள்ளையைக் காணாத கண், விளக்கொளியில் இலக்குமியைக் காணுமாறு எங்ஙனம்?

ஆதலின், அன்பர்களே, நடு மூன்று நாளும் உலையில் இடுமுன் ஒருபிடி அரிசியை வேறு பாத்திரத்தில் இட்டு, பசித்தோர் ஒருவர்க்கு உதவுமின். அலங்காரச் செலவிற் சிறிது குறைத்து, விசயதசமியன்று ஏடுதொடக்கும் ஏழைக் குழந்தை ஒன்றற்குப் புத்தகமுங் கொப்பியும் வாங்கிக் கொடுமின். அன்று அக்குழந்தை எழுதும் முதலெழுத்திலே நீவிர் செய்த இலக்குமிபூசை நிறைவெய்தும்.

திருச்சிற்றம்பலம்.