கோடை இடிமழை: நண்பகலுக்குள் எடுக்க வேண்டிய முடிவு

பனமலை, செஞ்சி, விக்கிரவாண்டி, திண்டிவனம் சுற்றுவட்டார உழவர்கள், ஆடு மாடு மேய்ப்போர், ஏரி வேலை செய்வோர், மரமேறுவோர் கவனத்துக்கு. சித்திரை முதல் ஆனி வரை.

கத்திரி வெயில் ஏறும் இந்த நாட்களில் ஒரே ஒரு ஆலோசனைதான் சொல்ல முடியும் என்றால் அது இதுதான்: வெட்டவெளி வேலையைக் காலைக்கு மாற்றுங்கள், பிற்பகலில் எங்கே இருப்பது, எதை மூடிவைப்பது என்பதை நண்பகலுக்குள் முடிவு செய்யுங்கள். புயல் வருகிறது என்றால் ஊரைக் காலி செய்யக்கூட நாம் பழகிவிட்டோம். கோடை இடிமழைக்கு மட்டும் வானம் இருண்ட பிறகே அசைகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். வயலிலும் மேய்ச்சலிலும் மரத்தடியிலும் நிற்பவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். கொஞ்சம் முன்னதாக முடிவெடுத்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும்.

நேரம் ஏன் முக்கியம் என்பது, இடிமேகம் இங்கே பிறக்கும் விதத்திலேயே இருக்கிறது. பனமலை கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. உள்ளே உள்ளது. காலை முழுக்கக் காயும் பாறையும் தரிசும் தரையை ஒட்டிய காற்றைச் சூடேற்றி மேலே அனுப்புகின்றன. மதியத்துக்குப் பிறகு மரக்காணம், புதுச்சேரிக் கரைப் பக்கமிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே நகரும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றை அது சந்திக்கும் இடத்தில் காற்று மேலெழுகிறது. மேலடுக்கு போதிய அளவு குளிர்ந்திருந்தால் அந்த எழுச்சி நிற்காது. ஒரு மணி நேரத்துக்குள் பத்து கி.மீ.க்கும் மேல் உயர்ந்த மேகம் திரண்டுவிடும். ஆகவே சித்திரை, வைகாசியில் பிற்பகல் ஆபத்தான வேளை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிய பிறகு, ஆனியில், மேற்கே மலைப்பக்கம் உருவாகும் மேகங்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து மாலையிலும் இரவிலும் நம்மை வந்தடையும். இரண்டு பருவத்திலும் காலை வேளை பெரும்பாலும் நமக்குச் சாதகமாகவே இருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் எந்த ஊரில் இடி இறங்கும் என்று முந்தைய நாளே ஏன் சொல்ல முடியவில்லை? 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் பல நூறு கி.மீ. பரந்து, பல நாள் கடலில் இருந்தது. அதனால் அதன் வருகையை முன்பே அறிவிக்க முடிந்தது. அப்போதும் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டும் என்று ஊரைச் சுட்டிச் சொல்ல இயலவில்லை. தனி இடிமேகத்தின் அகலமோ பத்து கி.மீ. அளவு, ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்து நார்மன் நகரில் உள்ள புயல் முன்கணிப்பு மையம், ஒரு கண்டத்தின் அகலத்துக்கே எட்டு நாள் முன்பிருந்து கடும் இடிப்புயல் வாய்ப்பைக் கணிக்கிறது. அங்கும் எட்டாம் நாளுக்கான படத்தில் பல மாநிலங்கள் சேர்ந்தே அடங்கியிருக்கும். நாள் நெருங்க நெருங்க அந்தப் பரப்பு சுருங்கும்; ஊர்ப் பெயரோடு எச்சரிக்கை வரும்போது பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூட மிச்சம் இருக்காது. நமக்கும் இதே படிகள்தான். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கை மாவட்டத்தைச் சொல்லும். அடுத்த 3 மணி நேரத்துக்கான அறிவிப்பு வேளையைச் சொல்லும். புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி 20 முதல் 40 கி.மீ. சுற்றளவில் விழும் மின்னலைக் காட்டும். படிக்கு ஏற்ற வேலையைச் செய்வதே முன்கணிப்பைப் பயன்படுத்தும் முறை.

“மழை வரும் என்றார்கள், ஒரு சொட்டுகூட இல்லை” என்ற மனக்குறை நியாயமானது. ஆனால் ‘ஓரிரு இடங்களில்’ என்ற அறிவிப்பு, அந்தப் பகுதியில் கால் பங்குக்கு மிகாத இடங்களையே குறிக்கிறது. முக்கால் பங்கு ஊர்கள் காய்ந்து கிடந்தாலும் அந்தக் கணிப்பு சரியானதே. நம் ஊர் அந்தக் கால் பங்கில் வருமா என்பது தெரியாததால்தான் செலவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். களத்தில் காயும் நிலக்கடலையை மாலைக்குள் கூட்டித் தார்ப்பாய் போட்டு மூட அரை மணி நேரம் போதும். நனைந்தால் காய் கறுக்கும், பூஞ்சணம் பிடிக்கும், விலை இறங்கும். வீணாகப் பலமுறை மூடினாலும் ஒருமுறை நனைந்த இழப்புக்கு அது ஈடாகாது.

“வானத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வோம்” என்ற பெரியவர்களின் நம்பிக்கையிலும் பாதி உண்மை உண்டு. சென்னை, காரைக்கால் ரேடார்கள் இங்கிருந்து நூறு கி.மீ.க்கும் அப்பால் இருக்கின்றன. பூமி வளைந்திருப்பதால், அவற்றின் அலை நம் தலைக்கு மேல் இரண்டு கி.மீ.க்கும் அதிக உயரத்தில்தான் போகிறது. தரையை ஒட்டிப் பாயும் சூறைக்காற்றை அவற்றால் நேராகப் பார்க்க முடியாது. மேகத்தின் உச்சி பட்டறைக்கல்போல் விரிவதையும், திடீரென்று குளிர்காற்று வீசுவதையும் உங்கள் கண்ணும் உடலும்தான் முதலில் அறியும். ஆனால் மின்னல், மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கி.மீ. தள்ளியும் விழும். அதனால் மழைத்துளிக்காகக் காத்திருப்பது தவறு. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடி என்றால் அது பத்து கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது, இடி காதில் விழுந்தாலே நீங்கள் அதன் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியவை. முந்தைய மாலை மாவட்ட அறிக்கையைக் கேளுங்கள். மஞ்சள் அல்லது ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் மருந்தடிப்பதையும் யூரியா இடுவதையும் தள்ளிவையுங்கள். முற்றிய நவரை நெல்லைக் காலையிலேயே அறுத்துவிடுங்கள். கொள்முதல் நிலையத்தில் காத்திருக்கும் மூட்டைகளுக்கு அடியில் கட்டையும் மேலே தார்ப்பாயும் இருக்கட்டும். குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுங்கள். நுங்கு வெட்ட மரமேறுவோர் நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். தனித்து உயர்ந்த பனையும் தென்னையும் மின்னலுக்கு எளிதில் இலக்காகும். பனமலையின் தாளகிரீசுவரர் கோயில் குன்றில் இருப்போரும், ஏரிக்குள் மேய்ப்போரும் வேலை செய்வோரும் முதல் இடிக்கே கிளம்பிக் கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ கதவடைத்த பேருந்து, காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வெளியே வர வேண்டாம். கைபேசி மின்னலை இழுக்காது. சார்ஜரில் மாட்டியபடி பேசுவதுதான் ஆபத்து. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்காது. தயங்காமல் தொட்டு, மூச்சில்லை என்றால் மார்பை அழுத்தி முதலுதவி தொடங்கி, 108-ஐ அழையுங்கள். பேரிடர் உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

“கூலி போகுமே, கட்டடம் பக்கத்தில் இல்லையே” என்பது எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. அதற்குத் தனி மனிதரின் எச்சரிக்கை உணர்வு மட்டும் பதிலாகாது. அமெரிக்காவில் 1940-களில் ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியானார்கள். இப்போது ஏறத்தாழ 20 பேர். வயலில் நிற்போர் குறைந்தது அதற்கு ஒரு காரணம். எச்சரிக்கையைக் கேட்டதும் வேலையை நிறுத்தும் வழக்கம் இன்னொரு காரணம். நம் மக்கள் இன்னும் வயலில்தான் நிற்கிறார்கள்; அதனால் அந்த வழக்கம் நமக்குத்தான் அதிகம் தேவை. ஏரி வேலைக்கு ஆள் விடும் பொறுப்பாளரும், அறுவடைக்கு ஆள் அழைக்கும் நிலத்துக்காரரும் இந்த வாரமே மூன்றைத் தீர்மானிக்க வேண்டும்: வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி முடியும், இடி கேட்டால் எந்தக் கட்டடத்துக்குப் போவது, நின்ற நேரத்துக்குக் கூலி பிடிக்கப்படாது என்பதை யார் சொல்வது. மூன்றாவதற்குப் பதில் இல்லாவிட்டால் முதல் இரண்டும் ஏட்டிலேயே நின்றுவிடும்.