எண்ணெய்த் தொட்டியும் எஞ்சின் தாங்கியும்

பழைய மோட்டார் வண்டியைப் பேணிவருவோர் ஒருநாள் ஒரு வினாவை எதிர்நோக்குவர். வண்டியின் உடல் உறுதியாயிருக்கும், எஞ்சினோ தேய்ந்திருக்கும், அதற்குரிய உறுப்புக்களும் கடைகளிற் கிடையா. அந்நிலையிற் பிற்காலத்து எஞ்சின் ஒன்றை அவ்வண்டியில் ஏற்றலாமா என்பதே அவ்வினா. ஏற்றலாம் என்பதே விடை. ஆயின் அதன் குதிரைவலு எவ்வளவு என்று விசாரிப்பவர் பலர். அது எதன்மீது அமரும், அதன் எண்ணெய் எங்கே தங்கும் என்று விசாரிப்பவர் சிலர். எஞ்சினின் ஆயுள் பின்னவற்றுள் ஒன்றையும், வண்டியில் அமர்ந்திருப்போரின் ஆயுள் மற்றதையும் சார்ந்திருத்தலின், அவ்விரண்டையும் ஈண்டு ஆராய்வோம்.

கராஜ்களில் ‘ஒயில் சம்ப்’ என வழங்குவது எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி. ‘மவுண்டிங்’ என வழங்குவது எஞ்சினைச் சட்டகத்தின்மீது ஏந்திநிற்கும் தாங்கி. இவை எவ்வாறு ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன என்பதை விளக்க, அமெரிக்காவிற் பெருவழக்காயுள்ள மாற்றம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1967 முதல் 1969 வரையான ஷெவ்ரொலே கமாரோ வண்டியிலே, 1997ஆம் ஆண்டிற் கோர்வெற் வண்டியுடன் வெளிவந்த எல்.எஸ்.1 எஞ்சினை ஏற்றுவதே அது.

பழைய கமாரோவில் இருந்தவற்றுள், 1955இல் அறிமுகமான சிறிய வி8 எஞ்சினின் வழிவந்தனவும் உண்டு. புதியதும் வி8 எஞ்சினே. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரம் இரண்டிலும் 4.4 அங்குலம். இவ்வொற்றுமையைக் கண்டு, ஒன்றைக் கழற்றி மற்றதை வைத்துவிடலாம் என்று கருதுதல் தவறு. பழையதன் பக்கத்திலே தாங்கியைப் பூட்ட மூன்று துளைகள் உள்ளன, புதியதிலே நான்கு. பழையதன் எண்ணெய்த் தொட்டி மெல்லிய தகட்டாலானது. புதியதன் தொட்டியோ வார்த்த அலுமினியத்தாலானது. கியர்ப்பெட்டியும் அதனோடு பூட்டப்படுதலால், அத்தொட்டி எண்ணெயை ஏந்துவதோடு எஞ்சினுக்கு வலிவூட்டும் உறுப்பாயும் அமைகின்றது.

முதலில் எண்ணெய்த் தொட்டியை நோக்குவோம். இக்கமாரோவில் எஞ்சினின் முற்பகுதிக்குக் கீழே ஒரு குறுக்குச் சட்டம் செல்கின்றது. அதன் பின்னே, முன்சில்லுகளைத் திருப்பும் ஸ்டியறிங் இணைப்புத் தண்டு இடமும் வலமுமாக அசைகின்றது. எனவே தொட்டி முன்னே ஆழங்குறைந்தும் பின்னே ஆழ்ந்தும் இருத்தல் வேண்டும். எல்.எஸ். குடும்பத்து எஞ்சின்கள் பலவகை வண்டிகளில் வந்தமையால் அவற்றின் தொட்டிகளும் பலவகைப்படும். பாரவண்டித் தொட்டி ஏறத்தாழ 5.7 லீற்றர் கொள்ளும். ஆயின் மிக ஆழமானதாகையால் குறுக்குச் சட்டத்துக்கும் கீழே தொங்கும். தெருவிற் கிடக்கும் ஒரு கல் போதும், அதனை உடைத்துவிட. 1997ஆம் ஆண்டுக் கோர்வெற்றின் தொட்டி ஆழங்குறைந்தது. ஆனால் இருபுறமும் சிறகுபோல் விரிந்திருத்தலாற் சட்டகத்தில் இடிக்கும். 2004 முதல் 2006 வரை வந்த பொன்ரியாக் ஜி.ரி.ஓ. வண்டியின் தொட்டி முன்புறம் ஆழ்ந்திருத்தலாற் குறுக்குச் சட்டத்தின்மேல் ஏறி நிற்கும். 1998 முதல் 2002 வரையான கமாரோவின் தொட்டியே ஓரளவு பொருந்துவது. அது ஏறத்தாழ 5.2 லீற்றர் கொள்ளும். பழைய சட்டகங்களுக்கெனவே பிற்காலத்தில் வார்க்கப்பட்ட தொட்டிகளும் விற்பனைக்கு உண்டு.

இடிக்காத தொட்டியெல்லாம் நல்ல தொட்டியாகிவிடா. பௌதிகம் பயிலும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். வண்டி வளைவிலே திரும்பும்போது பக்கவாட்டில் உண்டாகும் ஆர்முடுகல், புவியீர்ப்பு ஆர்முடுகலின் அரைப்பங்காயின், தொட்டியிலுள்ள எண்ணெயின் மேற்பரப்பு ஏறத்தாழ 26½ பாகை சாயும். இரண்டும் சமமாயின் 45 பாகை சாயும். அகன்று ஆழங்குறைந்த தொட்டியில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, உறிஞ்சு குழாயின் வாய் காற்றிலே நிற்கும். பம்பி காற்றை உறிஞ்சினால் எண்ணெயின் அழுத்தம் வீழும்; கிராங்க் தண்டின் பெயாரிங்குகள் சிறுபொழுதிற் கருகிவிடும். உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள தொட்டியைத் தெரிதல் இதன்பொருட்டே.

தொட்டியை மாற்றுவோர் அதற்குரிய உறிஞ்சு குழாய், உட்தகடு, எண்ணெய் அளவுகோல் ஆகியவற்றையும் உடன் மாற்றுதல் வேண்டும். குழாயின் வாய்க்கும் தொட்டியின் அடித்தளத்துக்கும் இடையே கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை இடைவெளி வேண்டும். மிக நெருங்கின் எண்ணெய் வராது. மிக விலகின் காற்று வரும். குழாய் பம்பியுடன் சேருமிடத்தில் ஒரு சிறு றப்பர் வளையம் உண்டு. அது நசுங்கினாலும் விடுபட்டாலும் விளைவு முற்கூறியதே.

இனித் தாங்கியை நோக்குவோம். நான்கு துளையுள்ள எஞ்சினை மூன்று துளைக்கேற்ற பழைய தாங்கியுடன் பொருத்த இடைத்தகடுகள் உண்டு. எஞ்சினை முன்னோ பின்னோ நகர்த்தி அமைக்கும் தகடுகளும் உள. சட்டகத்தின் மேலுள்ள தாங்குகாலிலும், குட்டையாய் அகன்றது, உயரமாய் ஒடுங்கியது என இருவகை உண்டு. இங்கேதான் தாங்கியும் தொட்டியும் ஒன்றையொன்று பிணிக்கின்றன. எஞ்சினைத் தாழ்த்தினால் தொட்டி இடிக்கும். உயர்த்தினால் மேல்மூடி இடிக்கும். முன்னே தள்ளினால் றேடியேற்றருக்கு இடமின்றிப்போம். பின்னே தள்ளினால் எஞ்சின் பின்சுவரை முட்டும். எஞ்சினின் சாய்வு மாறினால், பின்சில்லுகளுக்கு விசையைக் கொண்டுசெல்லும் நெடுந்தண்டின் மூட்டுக்கோணங்களும் மாறும். தண்டின் இருமுனைக் கோணங்களும் சமமாயும், பொதுவாக 3 பாகைக்கு மேற்படாமலும் இருந்தாலே அது நடுங்காது சுழலும். ஆதலின் தாங்கியையும் தொட்டியையும் ஒருங்கே தெரிதல் வேண்டும். ஒன்றை வாங்கிவிட்டு மற்றதைத் தேடுவோர் இருமுறை செலவு செய்வர்.

தாங்கியின் றப்பரை அற்பமென எண்ணுதல் ஆகாது என்பதற்கு வரலாறே சான்று. எஞ்சின் தண்டை முறுக்கும்போது அதன் மறுதாக்கம் எஞ்சினையே எதிர்ப்புறமாய் முறுக்குகின்றது. இவ்வண்டிகளில் அதனால் எஞ்சினின் இடப்புறம் மேலெழ முயலும். அப்புறத்து றப்பர் பிரிந்தால் எஞ்சின் எழும்பி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் இணைப்பை இழுத்துத் திறந்தபடி சிக்கவைக்கலாம்; பிறேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடக் குழாயையும் பிடுங்கலாம். ஓடும் வண்டியை நிறுத்த வேண்டிய வேளையில் இரண்டும் ஒருங்கே நிகழ்தல் எத்துணைக் கொடிது! இக்குறையின் பொருட்டு, 1965 முதல் 1969 வரை செய்யப்பட்ட ஏறத்தாழ 67 இலட்சம் ஷெவ்ரொலே வண்டிகளை 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் திருத்தத்துக்கு அழைத்தது. நாம் எடுத்துக்கொண்ட கமாரோவும் அவற்றுள் அடங்கும். எஞ்சின் மேலெழாதபடி கம்பிவடம் ஒன்றாற் பிணிப்பதே செய்யப்பட்ட திருத்தம். எனவே றப்பர் பிரிந்தாலும் இரும்புப் பகுதிகள் ஒன்றையொன்று கவ்விநிற்கும் தாங்கியையே தெரிதல் வேண்டும். றப்பரின்றி முழுதும் இரும்பாலான தாங்கி எஞ்சினின் நடுக்கம் அனைத்தையும் சட்டகத்துக்கு ஊட்டும். அன்றாட வண்டிக்கு அது உகந்ததன்று.

வேலையின் ஒழுங்கு இது. பழைய எஞ்சினைக் கழற்றுமுன் அதன் உயரம், சாய்வு, பின்சுவரிலிருந்துள்ள தூரம் ஆகியவற்றை அளந்து எழுதுக. புதியதைத் தற்காலிகமாய் இறக்கி, ஸ்டியறிங்கை இருகோடி வரையும் திருப்பிப் பார்க்க. எஞ்சின் றப்பரின்மீது அசையுமாதலின், எத்திசையிலும் ஒரு விரல் நுழையும் இடைவெளியேனும் உண்டா என நோக்குக. தொட்டியின் அடி குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தாழாதிருக்கின்றதா எனத் தரையிலிருந்து அளக்க. இவையெல்லாம் ஒத்துவந்த பின்னரே துளையிடுதலும் ஒட்டுதலும்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய வண்டிகள் பல்லாண்டுகளாய் உழைத்துவந்தன. 1990களின் எரிபொருட் பஞ்சத்தில் அவற்றை மண்ணெண்ணெயால் ஓட்டிய கைத்திறனை நம் பழைய மாணவர் நன்கறிவர். அவ்வண்டிகளின் சட்டகமும் ஸ்டியறிங்கும் கமாரோவினின்றும் வேறானவை. மேலே கூறிய அளவுகள் அவற்றுக்குப் பொருந்தா. ஆனால் முறை பொருந்தும். எவ்வண்டியாயினும், எண்ணெய் எங்கே நிற்கும், எஞ்சின் எங்கே அமரும் என்னும் இரு வினாக்களுக்கும் அளவுகோலால் விடை கண்ட பின்னரே பணப்பையை அவிழ்த்தல் வேண்டும். வகுப்பறையிற் கற்கும் மறுதாக்கமும் ஆர்முடுகலும் பரீட்சைத் தாளோடு முடிவனவல்ல. எஞ்சினின் அடியிலே படுத்துக்கிடந்து அளப்பவனுக்கும் அவையே வழிகாட்டிகள் என்பதை இளைய மாணவர் உளங்கொள்வாராக.