தாடையில் கம்பி கட்டி வீட்டுக்கு வந்திருப்பவருக்கு



மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தோ, கட்டட வேலையில் சாரத்திலிருந்து தவறியோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தாடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இனி நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை வாயைத் திறக்க முடியாது. சிறு குழந்தைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடும். அவர்களுக்கு நாள் குறைவு.

கையோ காலோ முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறோம். தாடைக்கு மாவுக்கட்டு போட முடியுமா? பல்லோடு பல் பொருந்தி நின்றால் எலும்பும் தன் இடத்தில் நிற்கும். அதற்காகத்தான் பல்லையே பிடியாக வைத்துக் கட்டுகிறார்கள். சிலருக்கு உள்ளே டைட்டானியம் தகடு வைத்துத் திருகாணி போட்டிருப்பார்கள். அவர்களுக்குக் கம்பி இல்லாமலும் இருக்கலாம், சில நாள் ரப்பர் வளையம் மட்டும் போட்டிருக்கலாம். ஆனால் மென்று சாப்பிடாமல் இருக்க வேண்டியது அவர்களுக்கும் உண்டு.

முதலில் ஒரு கட்டிங் பிளேயர் வாங்குங்கள். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே, "அவசரம்னா எந்தக் கம்பியை வெட்டணும்?" என்று டாக்டரிடமோ நர்ஸம்மாவிடமோ கேட்டு, கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிங் பிளேயரைப் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டாம். தலைமாட்டில் கயிற்றில் தொங்கட்டும். அவர் வெளியே போனால் சட்டைப்பையில் போகட்டும்.

வாந்தி வந்தால் மல்லாந்து படுக்கவிடாதீர்கள். உட்கார வைத்து, முன்னால் குனியச் செய்து, உதட்டை விரலால் விலக்கிவிடுங்கள். குடித்தது தண்ணீர்போல இருப்பதால் பல்லிடுக்கு வழியாகவும் மூக்கு வழியாகவும் தானே வந்துவிடும். இதற்காகக் கம்பியை வெட்ட வேண்டியதில்லை. மூச்சு முட்டுகிறது, முகம் நீலம் பாய்கிறது என்றால் மட்டும், மேலுக்கும் கீழுக்கும் நடுவில் நிற்கும் கம்பிகளை வெட்டுங்கள். ரப்பர் என்றால் கத்தரிக்கோல் போதும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. சாராயம், பிராந்தி இந்த நாட்களில் அறவே கூடாது என்று டாக்டர் சொல்வது இதனால்தான். வாய் கட்டியிருக்கும்போது போதையில் வாந்தி எடுத்தால் உயிருக்கே ஆபத்து.

இனி சாப்பாடு. வீட்டில் இருப்பவர்கள் மனம் உடைந்து போவது இங்கேதான்.

இப்படி நடப்பதுண்டு. மூன்றாவது வாரம். பையன் நாலு கிலோ இளைத்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, "ஏம்மா, வலியெல்லாம் போயிடுச்சுங்கிறான். எலும்பு எப்பவோ கூடியிருக்கும். பிள்ளை வாயில நாலு கவளம் சோறு போகட்டும், அந்தக் கம்பியை எடுத்து விடேன்" என்கிறார். தாய் மனசு கேட்கவில்லை. தெருவில் எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் தம்பி வந்து வெட்டிவிடுகிறான். அன்றிரவு பையன் குழைந்த சோறு சாப்பிட்டான், எல்லோருக்கும் சந்தோஷம். பத்து நாளில் பல்லோடு பல் சேரவில்லை, தாடை ஒரு பக்கம் கோணிவிட்டது. மறுபடியும் ஆப்பரேஷன்.

வலி நின்றது வேறு, எலும்பு கூடியது வேறு. மூன்றாவது வாரத்தில் கூடும் இடம் இன்னும் இளசாகவே இருக்கும். கம்பியை எடுக்கும் நாளை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எண்ணெய் போட்டு நீவுகிறேன் என்று வருபவரிடமும் தாடையைக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் பிள்ளை இளைக்காமல் இருக்க என்ன செய்வது? கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும். ஆனால் நாம் செய்யும் தவறாலும் இளைக்கிறார்கள். பருப்பை வேகவைத்துத் தெளிந்த தண்ணியை மட்டும் கொடுக்கிறோம். கோழியை வேகவைத்துச் சாற்றைக் கொடுத்து, கறியை நாம் சாப்பிடுகிறோம். ருசி சாற்றில் இருந்தாலும் சத்து பருப்பிலும் கறியிலும்தானே இருக்கிறது? பருப்பு, கறி, வேகவைத்த முட்டை, காய் எதுவானாலும் குழைய வேகவைத்து, மிக்ஸியில் நைசாக அரைத்து, பாலோ கஞ்சியோ விட்டு நீர்க்கக் கரைத்து, வடிகட்டிக் கொடுங்கள். கேழ்வரகுக் கஞ்சி, பொட்டுக்கடலை மாவு கரைத்த பால், தயிரைக் கடைந்த கெட்டி மோர் எல்லாம் நல்லது. ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ சேருங்கள். பச்சை முட்டை வேண்டாம்.

மூன்று வேளை போதாது. இரண்டு மணிக்கு ஒரு தடவை, ஒரு நாளில் ஏழெட்டு தடவை கொடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து டம்ளரில் உறிஞ்சிக் குடிக்கலாம். முடியாதவருக்குப் பெரிய சிரிஞ்சில் மெல்லிய ரப்பர் குழாய் மாட்டி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் கடைசிப் பல்வரை செலுத்தி, ஒரு வாய் விட்டு, விழுங்கிய பின் அடுத்த வாய் விடுங்கள். ஆறவைத்துக் கொடுங்கள். கீழ் உதடு மரத்துப்போயிருக்கும். சுட்டாலும் அவருக்குத் தெரியாது. இந்த மரப்பு தெளிய வாரக்கணக்காகும், சிலருக்கு மாதக்கணக்கும் ஆகும்.

மாத்திரைகளை நீங்களாகப் பொடித்துக் கொடுக்க வேண்டாம். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. மருந்துத் தண்ணியாகக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை வியாதிக்காரர் என்றால், சாப்பாடு மாறியதை டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைக் கேளுங்கள்.

ஒவ்வொரு தடவை குடித்த பிறகும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியால் வாய் கொப்பளிக்க வேண்டும். சின்னக் குழந்தைகளின் பிரஷ்ஷால் பல்லின் வெளிப்புறத்தைத் தேய்க்கலாம். உள்பக்கம் எட்டாது, அதற்கு நாக்குதான் பிரஷ். கம்பி முனை கன்னத்தைக் குத்தினால் பல் ஆஸ்பத்திரியில் தரும் மெழுகை வைத்து மூடுங்கள். பீடி, சிகரெட், புகையிலை புண்ணையும் ஆறவிடாது, எலும்பையும் கூடவிடாது.

வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறி, பிறகு வடியும். அதுவரை தலையணையை உயர்த்திப் படுப்பது சுகம். வடிந்த வீக்கம் மறுபடி ஏறினால், காய்ச்சல் அடித்தால், சீழ் நாற்றம் வந்தால், கம்பி தளர்ந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கம்பி எடுத்த அன்று வாய் ஒரு விரல்கூடத் திறக்காமல் இருக்கும். பயப்படாதீர்கள். டாக்டர் காட்டித் தரும் பயிற்சியைத் தினமும் பல தடவை செய்தால், அவருடைய மூன்று விரல் நுழையும் அளவுக்கு மெல்ல மெல்லத் திறக்கும். முதலில் பாலில் ஊறிய இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு. முறுக்கும் கரும்பும் எலும்புக் கறியும் கேட்பார்; டாக்டர் சரி என்று சொல்லும்வரை கொடுக்காதீர்கள், கோபித்துக்கொண்டாலும் சரி.